பன்னாட்டு விருந்தும் மக்கள் பணமும்

(சேத்தியாத்தோப்பில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளாற்று அணைக்கட்டின் நீரை நம்பிக் கரும்பும் நெல்லும் விளைவிக்கும் ஓர் உழவர், கடையில் ஒரு வழலைக்கட்டி வாங்கும்பொழுது அதன் விலையோடு வரியும் செலுத்துகிறார். பன்னாட்டு நாடாளுமன்றத்தார் தில்லியில் கூடி உண்ணும் விருந்தில் அவ்வரியின் ஒரு துளியும் கலந்திருக்கிறது. ஆயினும் அவ்விருந்துக்கு அவர் அழைக்கப்பெறுவதில்லை. கணக்கும் அவருக்குக் காட்டப்பெறுவதில்லை.

இத்தகைய அமைப்புகளுள் பெரியன இரண்டு. 1889-இல் பாரிசில் தோன்றிய நாடாளுமன்றங்களின் ஒன்றியம் ஒன்று. 1911-இல் தோன்றி, இன்று பொதுநலவாய நாடாளுமன்றக் கழகம் எனப்பெறுவது மற்றொன்று. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் பின்னதன் ஒரு கிளையே. மாநாட்டை ஒரு நாடு தன் மண்ணுக்கு அழைக்குமாயின் மண்டபம், ஊர்தி, காவல், மொழிபெயர்ப்பு என விரியும் செலவில் பெரும்பகுதியை அந்நாட்டு அரசே தாங்குகிறது.

விருந்தோம்பல் தமிழர்க்குப் புதிதன்று. செலவு என்பதனாலேயே குறை கூறுவதும் அறிவுடைமையாகாது. ஆனால், வீட்டாரையே கொட்டடியில் பூட்டிவைத்துவிட்டு வாயிலில் வாழைமரம் கட்டுவது எவ்வகை விருந்தோம்பல்?

1975-இல் தில்லி அதைத்தான் செய்தது. சூன் 25-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்றது. நாடாளுமன்றக் குழுப் பணிக்காகப் பெங்களூர் சென்றிருந்த வாசுபாயும் அத்வானியும் அங்கேயே தளைப்படுத்தப்பெற்றனர். மொரார்சி தேசாய், சந்திரசேகர் போன்ற உறுப்பினர்களும் காவலில் கிடந்தனர். அவையில் பேசப்பெற்ற பேச்சுக்கும் செய்தித்தாளில் தணிக்கை! அந்நிலையில், அக்தோபர் 28-இல், 21-ஆம் பொதுநலவாய நாடாளுமன்ற மாநாட்டைத் தில்லியில் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். சிறைப்பட்டோரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களின் பணமும் அதில் கரைந்தது.

கொழும்பின் கதை இதனினும் கொடிது. மட்டக்களப்பின் யோசப்பு பரராசசிங்கம் 2005-இல் கிறித்து பிறப்புநாள் நள்ளிரவு வழிபாட்டில், தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பெற்றார். யாழ்ப்பாணத்தின் இரவிராசு 2006 நவம்பரில் கொழும்புத் தெருவில் வீழ்த்தப்பெற்றார். இருவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள். கொலையாளி எவரும் தண்டிக்கப்பெறாத நிலையில், 2012 செப்தம்பரில் அதே கொழும்பில் 58-ஆம் மாநாடு கூடியது. வன்னியில் வீடும் உறவும் இழந்த தமிழர் வாங்கிய சருக்கரையின் வரியும் அவ்விருந்தில் இனித்திருக்கும்! தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் சார்பில் எவரும் அங்குச் செல்வதில்லை என அன்றைய தமிழ்நாட்டரசு முடிவு செய்தது.

இக்கூட்டங்களால் பயனே இல்லை எனல் பொய்யாகும். துன்புறுத்தப்பெறும் உறுப்பினர்க்காக நாடாளுமன்றங்களின் ஒன்றியம் 1976-இல் ஒரு முறைமையை வகுத்தது. அவ்வழியில் அமைந்த குழுவே பரராசசிங்கம், இரவிராசு ஆகியோரின் கொலைக்கும் கொழும்பிடம் விடை கேட்டது. விருந்தளிக்கும் அரசு மதிக்கவேண்டியது அக்குழுவின் கேள்வியை.

எனவே மாநாட்டுச் செலவு வரவு செலவுத் திட்டத்தின் பொதுத்தலைப்பில் ஒளியாமல், தனி வரியாக அவைமுன் வைக்கப்பெறல் வேண்டும். வாக்குக் கேட்டு இவ்வூர்க்கு வருவோரிடம் இரண்டு கேள்விகள் போதும்: அழைப்பு விடுக்குமுன் அவையில் ஒப்புதல் பெற்றீர்களா? விருந்து நடந்த நாளில் உங்கள் உறுப்பினர் எத்தனைப் பேர் சிறையில் இருந்தனர்?