பேட்ஜ்: விளம்பரப் பொருளும் போராட்டச் சின்னமும்

(பிரச்சாரப் பணியில் ஈடுபடும் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாநாட்டு வரவேற்புக்குழு கூடினால், பேட்ஜ் எத்தனை அடிப்பது என்ற கேள்வி தவறாமல் எழும். ஆயிரமா, ஐயாயிரமா, என்ன விலை, படம் போடுவதா, எழுத்து மட்டும் போதுமா என்று விவாதம் நடக்கும். மாநாடு முடிந்ததும் மிச்சமான பேட்ஜுகள் அட்டைப்பெட்டிக்குள் போய் அலுவலக அலமாரியின் மேல் ஏறிவிடும். இந்தச் சிறிய தகர வட்டம் எங்கிருந்து வந்தது, அதைக் கண்டு யார் யார் அஞ்சினார்கள் என்பதை நாம் பேசுவதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியது.

தமிழில் இதற்கு ‘வில்லை’ என்றொரு பழைய சொல் உண்டு. ஆனால் அச்சொல்லின் வரலாறு நமக்கு உவப்பானதன்று. கலெக்டர் கச்சேரியில் டவாலி அணிந்து நின்ற சேவகனின் மார்பில் மின்னிய பித்தளைத் தகடுதான் வில்லை. அவனுக்கு ‘வில்லைச் சேவகன்’ என்றே பெயர். இரயில் நிலையத்துச் சுமைதூக்கும் தொழிலாளி கையில் கட்டிக்கொள்ளும் எண் பொறித்த பித்தளைத் தகடும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அணிந்திருப்பவர் யாருக்கு ஆட்பட்டவர் என்று அவை அறிவித்தன. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு அவற்றில் இடமில்லை. எனவே, தூயதமிழ் ஆர்வலர்கள் பொறுத்தருள வேண்டும்: இவ்வுரையில் ‘பேட்ஜ்’ என்ற சொல்லே நிற்கும்.

அரசியல் கருத்தை உடையில் அணியும் வழக்கத்துக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றபோது, அவரை வாழ்த்தும் பித்தளைப் பொத்தான்களைக் கோட்டில் தைத்துக்கொண்டார்கள். 1860 தேர்தலில் லிங்கனின் புகைப்படம் மெல்லிய இரும்புத் தகட்டில் பதிக்கப்பட்டுச் சட்டைகளில் ஏறியது. எனினும், கோடிக்கணக்கில் மலிவாக அடித்துத் தள்ளக்கூடிய இன்றைய பேட்ஜ் பிறந்தது 1896இல்தான். நியூஜெர்சி மாநிலம் நியூவார்க் நகரில் இருந்த வொயிட்ஹெட் அண்ட் ஹோக் என்ற விளம்பரப் பொருள் நிறுவனம் அவ்வாண்டு அதற்குக் காப்புரிமை பெற்றது. 

அமைப்பு மிக எளிது. அச்சிட்ட வட்டக் காகிதம் ஒன்று. அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாள். இரண்டையும் ஓர் உலோக வட்டின்மேல் போர்த்தி, விளிம்பைப் பின்புறம் மடித்து, உள்ளே ஒரு வளையத்தை அழுத்திப் பிடிக்கச் செய்தார்கள். அந்த வளையத்திலேயே ஊசி செருகப்பட்டது. பசையில்லை, தையலில்லை. பிற்காலத்தில் தகரத்தின்மேலேயே நேரடியாக அச்சிடும் முறை வந்து இதைவிட மலிவாயிற்று.

அந்தச் செல்லுலாய்டு எதனால் ஆனது? நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. கோயிலில் தட்டில் எரிகிற அதே கற்பூரந்தான். அன்று உலகச் சந்தைக்கு வந்த கற்பூரத்தில் பெரும்பகுதி தைவான் காடுகளிலிருந்து வந்தது. 1895இல் தைவானைக் கைப்பற்றிய ஜப்பான், 1899இல் அங்கே கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. கற்பூர மரம் நின்ற மலைகளிலிருந்து பழங்குடி மக்கள் ஆயுத பலத்தால் தள்ளப்பட்டார்கள். அமெரிக்க வாக்காளரின் கோட்டில் மினுங்கிய அந்த வட்டத்துக்குப் பின்னால் ஒரு காலனியாதிக்கமும் இருந்தது.

பேட்ஜின் முதல் வாடிக்கையாளர்கள் வணிகர்களே. சிகரெட் பாக்கெட்டுடனும் சூயிங்கத்துடனும் அது இலவசமாக வந்தது. பத்திரிகைச் சித்திரங்களில் புகழ்பெற்ற ‘மஞ்சள் பையன்’ உருவத்தை 1896இலேயே ஹை அட்மிரல் சிகரெட் நிறுவனம் பேட்ஜாக்கிக் கொடுத்தது. பொருளை வாங்குகிறவனையே சம்பளமில்லாத விளம்பரப் பலகையாக்கும் தந்திரம் அது. 

அதே ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் மெக்கின்லி, பிரையன் ஆகிய இருவரின் முகங்களும் பேட்ஜில் ஏறின. ஆலைக்கு அதில் கொள்கைச் சிக்கல் ஏதும் எழவில்லை. மெக்கின்லியின் தளபதியான மார்க் ஹன்னா வங்கிகளிடமும் பெருநிறுவனங்களிடமும் ஏறத்தாழ 35 லட்சம் டாலர் திரட்டினார். பிரையன் வென்றால் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளிகள் பலர் தொழிலாளர்களை மிரட்டியதும் அந்தத் தேர்தலில்தான். 1900இல் மெக்கின்லி மீண்டும் போட்டியிட்டபோது, நிறைந்த சாப்பாட்டுத் தூக்கு என்பது அவருடைய முழக்கமாயிற்று. தொழிலாளி ஆலைக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியை முதலாளிகளின் வேட்பாளர் பேட்ஜில் போட்டுக்கொண்டார்! ஆளும் வர்க்கம் நம் சின்னங்களை எடுத்துக்கொள்வதில் எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் எந்திரம் யார் கைக்கும் வரும். 1918 ஜூனில் ஓகையோ மாநிலம் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசியதற்காக யூஜின் டெப்ஸ் கைது செய்யப்பட்டு, 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1894இன் புல்மன் இரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1920 தேர்தலில் சோசலிஸ்ட் கட்சி அவரை அட்லாண்டா சிறைக்குள்ளிருந்தே ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. ஊர் ஊராகச் செல்ல இயலாத வேட்பாளர். கட்சியோ அரசின் ஒடுக்குமுறையாலும் பிளவாலும் தளர்ந்திருந்தது. அப்போது வந்த பேட்ஜில் டெப்சின் படமும், ‘ஜனாதிபதிப் பதவிக்குக் கைதி எண் 9653’ என்ற வாசகமும் மட்டுமே இருந்தன. அரசு இழிவுபடுத்துவதற்காகக் கொடுத்த எண்ணை, கட்சி தன் வேட்பாளரின் பட்டமாக்கியது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். பேட்ஜ் வாசகம் எழுதக் கற்க விரும்பும் தோழர்கள் இந்த ஒன்றைப் படித்தால் போதும். இதில் பெயரடை ஒன்றுகூட இல்லை.

ஒப்புநோக்க, 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த வில்கியின் ஆதரவாளர்கள் ‘மூன்றாம் முறை வேண்டாம்’ என்பது முதலாகப் பற்பல கிண்டல் வாசகங்களைப் பேட்ஜுகளில் அடித்து நாடெங்கும் இறைத்தார்கள். வில்கி தோற்றார்.

தொழிற்சங்கங்கள் பேட்ஜை வேறு வகையில் பயன்படுத்தின. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக்கொடுக்கும் ஏற்பாடு பரவுவதற்கு முன், பல அமெரிக்கச் சங்கங்கள் மாதாமாதம் புதிய நிறத்தில் சந்தா பேட்ஜ் வெளியிட்டன. இந்த மாதச் சந்தா செலுத்தியவர் இந்த மாத நிறத்தை அணிந்திருப்பார்; ஆலை வாயிலில் நிற்கும் சங்கப் பிரதிநிதிக்குப் பதிவேட்டைப் புரட்ட வேண்டிய தேவையில்லை. எத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறார்கள் என்பது நிர்வாகத்துக்கும் தெரிந்துவிடும். சங்கத்தின் பலமும் அதுவே, ஆபத்தும் அதுவே.

அந்த ஆபத்தை நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த ரிபப்ளிக் ஏவியேஷன் போர்விமான ஆலைத் தொழிலாளர்கள் சந்தித்தார்கள். சங்கப் பிரதிநிதி என்று குறிக்கும் பேட்ஜைக் கழற்றச் சொல்லியும் கழற்றாத மூவரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. உற்பத்தி கெட்டது என்றோ ஒழுங்கு குலைந்தது என்றோ காட்டச் சான்று இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1945 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பு தொழிலாளர் பக்கம் வந்தது. சிறப்புக் காரணம் எதையும் நிர்வாகம் நிறுவாதவரை, ஆலைக்குள் சங்கச் சின்னம் அணியும் உரிமையைப் பறிக்க முடியாது என்ற நிலை உறுதியாயிற்று. பாசிசத்துக்கு எதிராக விமானம் கட்டிய தொழிலாளி தன் சட்டையில் ஒரு வட்டத் தகரம் குத்துவதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. செம்படை பெர்லினுக்குள் நுழைந்துகொண்டிருந்த நாள்கள் அவை. 

அந்தப் போராட்டம் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை ஊழியர் ஒருவர் ஒரு சங்க பேட்ஜுக்கு மேல் அணியக்கூடாது என்ற கட்டுப்பாட்டை 2012இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. எட்டு, ஒன்பது பேட்ஜ் அணிவது நகைப்புக்குரியதென்று நினைக்கத் தோன்றலாம். ஆனால் நிறுவனத்தின் சொந்த விளம்பர பேட்ஜுகளை ஊழியர் பல எண்ணிக்கையில் அணிவதற்கு அங்கே தடையில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1964இல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலடெல்பியா என்ற சிற்றூரில் நடந்தது இதனினும் கடுமையானது. அவ்வாண்டு ஜூன் மாதம் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று குடியுரிமைப் போராளிகள் கொல்லப்பட்ட வட்டாரம் அது. சில மாதங்களுக்குள், அவ்வூர்க் கறுப்பினப் பள்ளி மாணவர்கள் ‘ஒரு மனிதர், ஒரு வாக்கு’ என்று சுற்றிலும் எழுதி, நடுவில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் ஆங்கில முதலெழுத்துகளைப் பொறித்த பேட்ஜை அணிந்து வகுப்புக்கு வந்தார்கள். கழற்ற மறுத்தவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கொலை நடந்த ஊரில், கொலையாளிகள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பள்ளிச்சிறுவன் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்து செல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சிகரெட்டுடன் இலவசமாக வந்த பேட்ஜும் இதுவும் செய்முறையில் ஒன்றே.

மேலிருந்து கொடுக்கப்படும் பேட்ஜின் கதை வேறு. சிரிக்கும் மஞ்சள் முகத்தை அனைவரும் அறிவர். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஊஸ்டர் நகரின் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், வேறொரு நிறுவனத்தை இணைத்தபின் ஊழியர்கள் மனம் சோர்ந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க ஹார்வி பால் என்ற ஓவியரிடம் பேட்ஜுக்குப் படம் கேட்டார்கள். அவர் பெற்ற கூலி 45 டாலர். ஊதியமோ பணிச்சுமையோ பற்றிப் பேசுவதைவிடத் தகரத்தில் ஒரு சிரிப்பை வரைந்து கொடுப்பது நிர்வாகத்துக்கு மலிவாகப்பட்டது போலும். 1970களின் தொடக்கத்தில் அந்த மஞ்சள் முக பேட்ஜின் விற்பனை நாடெங்கும் 5 கோடியை எட்டியது. வரைந்தவருக்கு அந்த 45 டாலர்தான்.

நம் இயக்கத்தின் வரலாற்றிலிருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சீனத்தில் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அடிக்கப்பட்ட மாவோ பேட்ஜுகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கான கோடிகளில் மதிப்பிடப்படுகிறது. நாட்டின் அலுமினியம் அதில் கரைந்தது. விமானம் செய்ய வேண்டிய உலோகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மாவோவே கடிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. 1969 ஜூனில் கட்சியின் மத்தியக்குழு பேட்ஜ் உற்பத்தியை நிறுத்தும்படி உத்தரவிட்டது. அணியாதவன் சந்தேகத்துக்கு உள்ளாவான் என்ற நிலை வந்தபின், அணிந்தவனின் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பேட்ஜ் சொல்ல முடியாது. அங்கே அது மீண்டும் பழைய ‘வில்லை’ ஆகிவிடுகிறது.

சமாதான இயக்கங்களிலிருந்தும் கற்க உண்டு. 1958இல் பிரிட்டனின் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தார் தங்கள் முதல் பேட்ஜுகளைச் சுட்ட களிமண்ணில் செய்தார்கள். அணுகுண்டு விழுந்தால் மனிதர் செய்தவற்றில் எஞ்சக்கூடிய சிலவற்றுள் இதுவும் ஒன்று என்ற குறிப்பையும் உடன் கொடுத்தார்கள். டென்மார்க்கில் 1975இல் ஆனி லுண்ட் என்ற இளம்பெண் வடிவமைத்த, அணுமின்சாரம் வேண்டாமென்று புன்னகையோடு மறுக்கும் சூரியன் பல மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டது. அதை விற்ற பணம் இயக்கத்துக்குச் சென்றது. விற்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர் அதை அணிவார். சும்மா வாங்கியவர் பையில் போட்டு மறந்துவிடுவார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வங்கி, காப்பீடு, இரயில்வே ஊழியர்களின் கிளர்ச்சி, பெரும்பாலும் கோரிக்கை அட்டை அணிவதில்தான் தொடங்குகிறது. பளபளக்கும் தகரம் வேண்டியதில்லை. அச்சிட்ட துண்டுத் துணியும் ஓர் ஊக்கும் போதும். வேலை நிற்காது, சம்பளம் போகாது. ஆயினும் அன்று காலையில் எத்தனை மேசைகளில் அது தெரிகிறது என்பதை நிர்வாகம் எண்ணிப் பார்க்கும், நாமும் எண்ணிப் பார்க்கிறோம். வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கலாமா என்பதற்கு அந்த எண்ணிக்கையைவிட நம்பகமான விடை கிடையாது. இதைச் சடங்காக்கிவிட்ட கிளைகள் உண்டு: படம் எடுக்கும்வரை அணிந்துவிட்டுப் பின் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவது. அப்படம் பத்திரிகைக்கு வரும், எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

சட்டத்தின் துணையும் குறைவு. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, சங்கம் அமைக்கும் உரிமையில் தலையிடுவதை நியாயமற்ற நடைமுறை என்று வகைப்படுத்தியது. பேட்ஜ் என்ற சொல் அதில் இல்லை. நிரந்தரத் தொழிலாளி சங்கத்தின் பலத்தால் அணிகிறார். அதே கூரையின்கீழ், அதே எந்திரத்தில் வேலைசெய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அணிந்த மறுநாள் வாயிலில் அனுமதி அட்டை மறுக்கப்படலாம். அதற்கு வேலைநீக்கக் கடிதம்கூட வேண்டியதில்லை.

ஆகவே நடைமுறையில் சில சொல்ல வேண்டியிருக்கிறது. அடிக்கும் எண்ணிக்கையை நிதிக்குழு தீர்மானிப்பதைவிட, கிளைகள் எத்தனை விற்க ஒப்புக்கொள்கின்றன என்பது தீர்மானிக்கட்டும். வாசகம் ஒரே மூச்சில் படிக்கக்கூடியதாக இருக்கட்டும்; நான்கு கோரிக்கைகளை ஒரு பேட்ஜில் திணித்தால் பேருந்தில் எதிரே அமர்ந்திருப்பவர் ஒன்றையும் படிக்கமாட்டார். அமெரிக்கத் தோழர்கள் பேட்ஜைத் திருப்பி, விளிம்பில் தொழிற்சங்க அச்சக முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாமும் அடிக்கக் கொடுக்கும் பட்டறையில் கூலி என்ன என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியிடம் பேட்ஜ் விற்கும் தோழர், ஏன் அணியவில்லை என்று அவரைக் கேட்கலாகாது. அவர் காசு கொடுத்து வாங்கி, சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனால், அந்த மாதப் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.