குப்பைப் பையில் கிடக்கும் ஊசி

(தொலைக்காட்சி அரங்கில் ஜொகூர் பாரு தாதி ஒருவர் பேசியது)



ஆஸ்பத்திரியில் நோய் யாருக்கு என்றால் நோயாளிக்கு என்பீர்கள். அவருக்கு ஊசி போடுகிற தாதிக்கு வராதா? அந்த ஊசி தவறி விழுந்த குப்பைப் பையைத் தூக்கும் துப்புரவு அக்காவுக்கு வராதா?

ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெப்படைடிஸ் பி, ஹெப்படைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றும் தொற்றலாம். நாம் எச்.ஐ.வி.க்குத்தான் நடுங்குகிறோம். அந்தக் கிருமி உள்ள ஊசி 1,000 பேருக்குக் குத்தினால் ஏறக்குறைய 3 பேருக்குத் தொற்றும். ஹெப்படைடிஸ் பி அப்படியல்ல ஐயா! தடுப்பூசி போடாத 100 பேரில் 30 பேருக்குக்கூட வரலாம். ஈரலையே அரித்துவிடும், புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால், நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அதைப் போடத் தொடங்கியது 1989-இல்தான். அதற்கு முன் பிறந்த அக்காமார்தானே இன்று பல வார்டுகளைக் கூட்டித் துடைக்கிறார்கள்? குத்தகை நிறுவனத்து ஆள் என்று அவர்களை ஒதுக்கலாமா? 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் குத்தகைத் தொழிலாளியையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

இன்னொரு நோய் மௌனம். ஊசி குத்தியதும் பலர் வாய் திறப்பதில்லை. மேற்பார்வையாளர் திட்டுவார், வேலை போய்விடும், வீட்டில் தப்பாக நினைப்பார்கள் என்று பயம். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. சம்பவத்தைப் பதிவு செய்யாவிட்டால் நாளைக்குச் சொக்சோவில் எதைக் காட்டுவீர்கள்?

என் சக தாதிகளுக்கும் ஒரு வார்த்தை. போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். நேராக மஞ்சள் பெட்டியில் போடுங்கள். நாம் அவசரத்தில் விட்ட ஊசி, நம் கையில் குத்தாது. குப்பை அள்ளுகிறவர் கையில்தான் குத்தும்.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர் இருந்தால் இன்றிரவே கேளுங்கள்: "தடுப்பூசி மூன்று முறையும் போட்டாச்சா? எப்போதாவது ஊசி குத்தி, சொல்லாமல் இருந்தீங்களா?" திட்டாமல் கேளுங்கள். அப்போதுதான் பதில் வரும்.