தலைக்கவசம் சாலைக்கு மட்டுமா?

கிளமெண்டியில் மூத்த குடியிருப்பாளர்களுக்காக நடைபெற்ற நலவாழ்வுச் சந்திப்பில் ஆற்றிய உரை

சந்தை வேலை, சமையல் வேலை, பேரப்பிள்ளைகள் வேலை எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் நன்றி.

நான் டாக்டர் இல்லை, சைக்கிள் கடைக்காரரும் இல்லை. மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வரும் துண்டுப் பிரசுரங்களை உங்களுக்காகத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அப்படி நான் எழுதிய ஒரு வரிதான் இன்று என்னை இங்கே பேச வைத்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் பாதுகாப்பு பற்றிய ஒரு தாளை மொழிபெயர்த்தேன். அதில், "சாலையில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதில் பிழை இல்லை. 2019 ஜனவரி முதல் சிங்கப்பூர்ச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். நடைபாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் கட்டாயம் இல்லை.

என் அப்பாவுக்கு அப்போது 71 வயது. காலையில் சைக்கிளில்தான் சந்தைக்குப் போவார். நடைபாதையிலேயே போய் வந்துவிடலாம், ஐந்து நிமிடப் பயணம். "தலைக்கவசம் போட்டுக்கிட்டுப் போங்கப்பா" என்று சொன்னால், "சாலையில ஓட்டுறவங்க போடணும்னு நீதானேம்மா எழுதியிருக்கே? நான் சாலைக்கே போறதில்லையே" என்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை, அப்போதுதான் மழை விட்டிருந்தது. காலில் சிலிப்பர், ஹேண்டில்பாரில் இரண்டு மீன் பை. சரிவில் திரும்பும்போது ஒரு பை முன்சக்கரத்தில் சிக்கிச் சைக்கிள் சாய்ந்துவிட்டது. எந்த வண்டியும் மோதவில்லை, வேகமும் இல்லை. தலையின் பக்கவாட்டு நடைபாதை விளிம்பில் இடித்தது. எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, மீனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா இதயத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்துச் சாப்பிடும்போது கரண்டி கைநழுவ ஆரம்பித்தது. நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வயதாகிறது, அதனால்தான் என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூளையைச் சுற்றி ரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்து தேங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து அதை வெளியேற்றினார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு, சைக்கிள் பாதுகாப்புச் சாதனங்கள் பற்றி நிறையப் படித்தேன், பலரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் மூன்று பகுதிகளாகச் சொல்கிறேன்: விழுந்தால் காப்பவை, மற்றவர் கண்ணில் நம்மைப் படவைப்பவை, விழாமலே தடுப்பவை.

விழுந்தால் காப்பது

முதலில் தலைக்கவசம். லாரி மோதினால் இது என்ன காப்பாற்றப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சைக்கிள் தலைக்கவசத்தை லாரி மோதலுக்காகச் சோதிப்பதில்லை. ஐரோப்பியத் தரச் சோதனையில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் அதைக் கடினமான தளத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை இருப்பதும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான். அதாவது, சைக்கிளிலிருந்து சாய்ந்து விழும் சாதாரண விழுதலுக்குத்தான் இந்தக் கவசம். என் அப்பா விழுந்ததும் அப்படித்தான். நடைபாதை சிமெண்டும் சாலைச் சிமெண்டும் தலைக்கு ஒன்றுதான்.

கவசத்தின் உள்ளே தடிமனான வெள்ளை நுரைப் பகுதி இருக்கும். தலை இடிபடும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் மீண்டும் பழைய நிலைக்கு வராது. அதனால் ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். யாரோ பயன்படுத்திய பழைய கவசத்தை வாங்கவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். அதன் கதை நமக்குத் தெரியாது.

கடையில் பார்க்கவேண்டியவை இவை. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் தர எண் இருக்கும். ஐரோப்பியத் தரம் 1078, அமெரிக்கத் தரம் 1203, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரம் 2063. எழுத்துகளைப் படிக்கச் சிரமமாக இருந்தால் எண்ணை மட்டும் தேடுங்கள், அல்லது கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். எண் இருந்தால் போதும். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று சொல்ல முடியாது. கட்டுமானத் தளத் தொப்பியும் மோட்டார் சைக்கிள் கவசமும் வேறு வேலைக்கானவை. இரண்டாவது கனமானது, நம் வெயிலில் வேர்த்துக் கொட்டும், ஓசையும் சரியாகக் கேட்காது.

அடுத்தது அளவு. தையல் நாடாவை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே தலையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். கவசத்தில் அளவு சென்டிமீட்டரில் போட்டிருக்கும். தலையில் வைத்தால் புருவத்துக்கும் கவசத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும். பின்னால் சாய்த்துப் போட்டால் நெற்றி வெளியே தெரியும், பயன் இல்லை. வார்கள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடை வாருக்குள் ஒரு விரல் நுழையலாம், மூன்று விரல் நுழைந்தால் தளர்வு.

இங்கே என் தொழில் சங்கடம் ஒன்றையும் சொல்கிறேன். கவசம் எப்படிப் பொருந்தவேண்டும் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அதை 'இறுக்கமாக' என்று எழுதினேன். அதைப் படித்த ஒரு பாட்டி, தலைவலி வரும் அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டாராம். கவசம் தலையோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. வாரைப் போட்டுக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் வாயை நன்றாகத் திறங்கள். கவசம் உச்சந்தலையை லேசாக அழுத்தினால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

கொண்டை போடும் அம்மாமார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. உயரமான கொண்டை கவசத்தை முன்னால் தள்ளிவிடும். தாழ்வாகப் பின்னிக்கொண்டு, அதே தலையலங்காரத்தோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி, கிளிப் எதுவும் கவசத்துக்கு அடியில் இருக்கக் கூடாது. விரல் மூட்டு வலி உள்ளவர்கள் தாடைக் கொக்கியைத் தாங்களே மூன்று முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். கடினமாக இருந்தால் காந்தக் கொக்கி உள்ள கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். போடச் சிரமமான கவசம் ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

கண்ணில் படவைப்பது

கவசம் விழுதலுக்கு. வாகனத்துக்கு எதிரான நம் முதல் பாதுகாப்பு, ஓட்டுநர் நம்மைப் பார்ப்பதுதான். காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட் சாலையை நினைத்துப் பாருங்கள். மேலே ரயில் ஓடுகிறது, கீழே பெரிய தூண்கள், பேருந்துகள், லாரிகள். தூணுக்குப் பின்னாலிருந்து வரும் சாம்பல் நிறச் சட்டைக்காரரை ஓட்டுநர் கடைசி நொடியில்தான் பார்ப்பார்.

இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். அதிகாலையில் சந்தைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறோம். நம் ஊரில் விடிவதே ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான். மழை கொட்டும்போது பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கி வையுங்கள், எதிரே நடந்து வருபவர் கண் கூசாது. மின்னூட்டும் வகை வாங்கினால், கைப்பேசியோடு சேர்த்து அதையும் மின்னூட்டும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சுத் துணிகள் பகல் வெளிச்சத்தில்தான் பளிச்சிடும். இருட்டில் அவை சாதாரணத் துணிதான். இருட்டில் பயன் தருவது, வாகன விளக்கு பட்டதும் வெள்ளிபோல் மின்னும் பட்டை. இரண்டும் உள்ள மேலங்கி நல்லது. அது வேண்டாம் என்றால், கணுக்காலில் கட்டும் மின்னும் பட்டை ஒரு ஜோடி போதும். மிதிக்கும்போது அது மேலும் கீழும் அசைவதால் சைக்கிள் வருகிறது என்று ஓட்டுநருக்கு உடனே புரியும். காற்சட்டை நுனி சங்கிலியில் மாட்டாமலும் அது பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் எந்தச் சாதனமும் ஈடுகட்டாது. இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் பேருந்து, லாரியின் இடப்பக்கத்தில் போய் நிற்காதீர்கள். ஓட்டுநருக்கு அந்த இடம் தெரியாது. பின்னாலேயே நில்லுங்கள்.

விழாமல் தடுப்பது

சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் விதி. நம் வயதுக்கு இரண்டு இருப்பது நல்லது. பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், விரல் வலிக்காமல் எட்டுகிறதா? எட்டாவிட்டால் கடையில் சரிசெய்து தருவார்கள்.

சிலிப்பர் வேண்டாம். பின்புறம் மூடிய, அடி வழுக்காத காலணி போடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காலில் உணர்ச்சி குறைந்தால் சிலிப்பர் நழுவியதே தெரியாது, சிறு காயமும் ஆற நாளாகும். சட்டைப் பையில் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும்.

பைகளை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். பின்னால் கூடை வையுங்கள். கழுத்தைத் திருப்பச் சிரமப்படுபவர்கள் வலப்பக்க ஹேண்டிலில் ஒரு சிறு கண்ணாடி பொருத்தலாம், முந்தும் வாகனம் அந்தப் பக்கம்தான் வரும். மணி அவசியம். உலு பாண்டான் கால்வாயோரப் பாதையில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், குழந்தைகள் எல்லாரும் இருப்பார்கள். தூரத்திலேயே ஒருமுறை மணியடித்து, வேகத்தைக் குறைத்துக் கடந்து செல்லுங்கள். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் என்பது வேக வரம்பு.

விழுந்துவிட்டால்

இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன். தலையில் அடிபட்டால் வீட்டில் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால் வீட்டில் சொல்லுங்கள். திட்டுவார்கள், சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மறைக்காதீர்கள். என் அப்பா மறைத்தது அதற்காகத்தான்.

வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள், ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், குழப்பம் இவற்றில் எது வந்தாலும் 995 எண்ணை அழையுங்கள். அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் இவை வரலாம். மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, வீட்டு எண்ணோடு சட்டைப் பையில் வையுங்கள்.

சைக்கிளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது முழங்காலுக்கு இதம், மனத்துக்கும் நல்லது. பிள்ளைகளை எதிர்பார்க்காமல் நாமே போய் வரலாம். டாக்டர் சம்மதித்தபின் என் அப்பாவும் மீண்டும் ஓட்டுகிறார். இன்று இங்கே வரச் சொல்லி அழைத்தேன். "மீன் தீந்துடும்மா" என்று சந்தைக்குப் போய்விட்டார். கவசம் போட்டுக்கொண்டுதான் போனார், நானே பார்த்தேன்.

அந்தத் தாள் மறுபதிப்புக்கு வந்தபோது, அலுவலகத்தில் கேட்டு ஒரு வரி சேர்த்தேன்: "சட்டம் கேட்பது சாலையில் மட்டும். ஆனால் சைக்கிளில் ஏறும்போதெல்லாம் அணியுங்கள்."

புறப்படும் முன் சரிபார்க்க

• கவசம் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் இருக்கிறதா? வார் போட்டாயிற்றா?
• முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா?
• பிரேக் பிடிக்கிறதா? மணி அடிக்கிறதா?
• பின்புறம் மூடிய காலணி போட்டிருக்கிறீர்களா?
• பைகள் கூடையில் இருக்கின்றனவா?
• மருந்துப் பட்டியலும் வீட்டு எண்ணும் பையில் இருக்கின்றனவா?