பணிமேசை: வாங்குவதா, செய்வதா?



இரயில்வே அலுவலகத்தில் கோப்பு புரட்டும் எங்களுக்குத் தச்சு வேலையைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணலாம், எண்ணுவது முறையே. நாங்கள் மூவர், எழுத்தர்கள், ஒரே தெருவினர். ஒருவர் வீட்டில் கார்க் கொட்டகை உண்டு, கார் இல்லை. நாற்காலி, மிதிவண்டி முதலியவற்றை அங்கே செப்பனிடலாமென்று பணிமேசை ஒன்றுக்கு ஆசைப்பட்டோம்.

முதலில் வாங்கியது, பெட்டியில் பாகம் பாகமாக வரும் மேசை. படத்தைப் பார்த்துத் திருகாணிகளை முடுக்கினோம். ஒரே மாலையில் எழுந்து நின்றது. ஆயினும் அது மரச்சீவலைப் பசையிட்டு அழுத்திய பலகை. 2022 செப்டம்பரில் பெங்களூரைச் சூழ்ந்த வெள்ளம் எங்கள் கொட்டகையில் நான்கு விரற்கடையே நின்றது. அதற்கே கால்கள் உப்பித் திருகாணிகள் பிடி தளர்ந்தன. வெயிலில் உலர்த்தி மறுபடியும் முடுக்கினோம். பிழை அங்கேதான். ஒரு ஞாயிறன்று நண்பரின் மகன் உளி பிடித்திருக்கையில் மேசை சாய்ந்தது. இடக்கையில் மூன்று தையல். அப்பிள்ளையின் தாயார் ஒரு திங்கள் எங்களோடு பேசவில்லை.

பின்னரே நாமே செய்வோமெனத் துணிந்தோம். இரயில்வேக்காரர் புத்தி முதலில் எங்கே போகும்? பழைய தண்டவாளக் கட்டைக்கே போயிற்று. இரும்புபோன்ற உறுதி, ஆனால் அவற்றுள் பல, கிரியோசோட்டு என்னும் தார் எண்ணெய் ஊட்டப்பெற்றவை. கை படவும் தூளை முகரவும் தகாதவை. புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம் என்பர். அவ்வெண்ணத்தை அன்றே கைவிட்டோம்.

மைசூர் சாலைப் பக்கத்து மரக்கடைகளில் விசாரித்து, குடகுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தைத் தேர்ந்தோம். கணக்கு எங்கள் தொழிலன்றோ? கால்கள் 4 அங்குலச் சதுரம், 33 அங்குல உயரம், நான்கு. சட்டங்கள் 4-க்கு 2 அங்குலம், மொத்த நீளம் 28 அடி. ஆக இரண்டே முக்கால் கன அடிக்குச் சற்று மேல். மேற்பலகைக்கு 8-க்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்று, 18 மில்லிமீட்டர் கனத்தில். ஐந்துக்கு இரண்டடியாக இரு துண்டு அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். ஐ.எஸ். 303 முத்திரையில் கொதிநீர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குக.

அறுப்பதை மரவாடியிலேயே முடித்தோம். கழுந்து செதுக்கும் கைத்திறம் எங்களுக்கில்லை, எஸ்.பி. சாலையில் வாங்கிய போல்ட்டுகளே இணைப்பு. மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று நூல் பிடித்துப் பார்த்த பின்னரே இறுக்கினோம். காலடிகளுக்கு வண்ணம் பூசிச் செங்கல்மீது நிறுத்தினோம்.

செலவு குறைந்ததோ எனின், இல்லை. இரவல் கருவிகள் கிடைத்திராவிடில் பெட்டி மேசையைவிட வெகுவாக மிகுந்திருக்கும். அடிக்கடி வீடு மாறுவோரும், துளைப்பான்கூட இல்லாதோரும் பெட்டி மேசையை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் இரும்புக்கால் உள்ளதாகப் பாருங்கள், நனைந்து உப்பியதை மறுபடி முடுக்காதீர்கள்.

இப்பொழுது அப்பிள்ளை அம்மேசையில்தான் வேலை செய்கிறான். எஞ்சிய ஒட்டுப்பலகையைக் கீழ்த்தட்டாக்கியதும் அவனே. அவன் தாயார் சென்ற வாரம் கால் ஒடிந்த முக்காலி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.