தேட வேண்டாத விளக்கு

இரவு எட்டு மணி. வீட்டார் அனைவரும் கூடியிருக்கும் வேளை. சடுதியாக மின்சாரம் நின்றுவிடுகின்றது. அப்பொழுது வீட்டில் எழும் முதற் குரல் எது? "ரோர்ச் எங்கே?" என்பதுதான். அதற்கு விடை சொல்வார் எவருமிலர். நெருப்புப் பெட்டியைத் தேடி ஒருவர் அடுப்படிக்குப் போகின்றார். மற்றொருவர் நாற்காலியில் இடறுகின்றார். விளக்கைத் தேடுவதற்கே ஒரு விளக்கு வேண்டியதாயிருக்கின்றது. இச்சங்கடத்தைத் தீர்க்க வந்திருக்கும் சிறு கருவி ஒன்றைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

இருட்டு நமக்குப் புதிதன்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் இட்டு, சில துளி மண்ணெண்ணெய் வார்த்து, அந்த ஒளியிலேதான் அன்றைய பிள்ளைகள் படித்தார்கள். 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நாடெங்கும் மின்வெட்டு நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, முன்னறிவித்தல் எதுவுமின்றி, இலங்கை முழுவதும் மின்சாரம் இழந்தது. பாணந்துறைத் துணைமின் நிலையத்திற் புகுந்த குரங்கு ஒன்றே அதற்குக் காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். நேரம் குறித்து வரும் இருட்டுக்கு ஆயத்தஞ் செய்யலாம். குரங்கினால் வரும் இருட்டுக்கு எப்படி ஆயத்தஞ் செய்வது?

குப்பி விளக்கு இருக்கின்றதே எனச் சிலர் கூறக்கூடும். அது கவிழ்ந்தால் நேரும் கேட்டினை வைத்தியசாலைகள் நன்கறியும். தீக்காயத்தோடு வந்தவர்களைக் கண்டு மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற அவர்கள், பாரமும், உருளாத தட்டைப் பக்கங்களும், திருகு மூடியும் கொண்ட கண்ணாடி விளக்கொன்றை ஆக்கினார். அப்பணிக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஒரு சிறு விளக்கின் அமைப்பிலே உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, நான் சொல்ல வந்த கருவிக்கு வருவோம். கடைக்காரர் இதனைச் "சென்சர் லைட்" என்பர். நாம் அசைவுணரி விளக்கு எனலாம். மின்னேற்றத்தக்க ஒரு பற்றரி, சில எல்.ஈ.டி. குமிழ்கள், ஓர் உணரி ஆகிய மூன்றும் அதிலுண்டு. மனித உடலிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்கள் எந்நேரமும் வெளிப்படுகின்றன. இவையே செந்நிறக்கீழ்க் கதிர்கள். நாம் நடக்கும்போது அக்கதிர்களில் ஏற்படும் மாற்றத்தை உணரி அறிந்து விளக்கை ஏற்றுகின்றது. நாம் அகன்ற பின்பு, ஏறத்தாழ 20 விநாடியில் விளக்கு அணைகின்றது. பகலொளியில் அது எரிவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்றதா, நிற்கவில்லையா என்பது இவ்விளக்குக்குத் தெரியாது. இருளும் அசைவுமே அது அறிந்தவை. ஆகவே எல்லா இரவும் அது தன் வேலையைச் செய்கின்றது. அதன் சிறப்பும் அதுவே. அதன் குறையும் அதுவே.

சிறப்பினை முதலிற் சொல்வேன். நள்ளிரவில் மலசலகூடத்திற்கு எழும் முதியவர் ஆளியைத் தடவ வேண்டியதில்லை. காலைக் கீழே வைத்ததும் வழி தெரிகின்றது. மின்வெட்டு இரவிலும் அதே வழி, அதே ஒளி. முதுமையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் எழுந்து நடப்பது எத்துணை அரிது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

குறையினை என் வீட்டிலே கற்றேன். அம்மாவின் கட்டிலுக்கு அருகே ஒன்றைப் பொருத்தினோம். சில கிழமைகள் நன்றாக எரிந்தது. பின்பு ஓரிரவு மின்சாரம் நின்றது; அம்மா எழுந்தார்; விளக்கு எரியவில்லை. நல்லகாலமாகச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டார். தவறு விளக்கினுடையதன்று, மின்னேற்ற மறந்த என்னுடையது.

கணக்கை அப்பொழுதுதான் போட்டுப் பார்த்தேன். 1,000 மில்லியாம்பியர் மணி கொண்ட, 3.7 வோற்றுப் பற்றரியில் 3.7 உவாற்று மணி ஆற்றல் அடங்கும். ஓர் உவாற்று விளக்கு தொடர்ந்து எரிந்தால் நான்கு மணித்தியாலத்திற்குள்ளே அது தீர்ந்துபோம். இரவொன்றுக்கு முப்பது தடவை, தடவைக்கு 20 விநாடி வீதம் எரிந்தாலோ பத்து நிமிடமே செலவாகும். இருபது இரவுகள் வரை போதும். உணரியும் சிறிது ஆற்றலை உண்பதால், அதனிலும் குறையவே எதிர்பார்க்க வேண்டும்.

ஆகையால் மூன்று வழக்கங்களைக் கைக்கொண்டோம். முதலாவது, கிழமைக்கு ஒரு நாள், ஞாயிறு காலையில், மின்னேற்றுவது. இரண்டாவது, இரண்டு விளக்குகள் வைத்திருப்பது. ஒன்று மின்னேறும்போது மற்றது தன் இடத்தில் இருக்கும். மூன்றாவது, ஆட்கள் ஓயாது நடமாடும் கூடத்தில் மாட்டாமல், கட்டிலடி, படிக்கட்டு, அடுப்படி வாசல் ஆகிய இடங்களில் மட்டும் மாட்டுவது. நடப்பவர் விளக்குக்கு முன்னே குறுக்காகச் செல்லும்படி மாட்டினால் உணரி விரைவில் அறியும். கண்ணாடிக்குப் பின்னே வைத்தால் அறியாது.

படிப்பதற்கு இவ்விளக்கு ஏற்றதன்று. பிள்ளை அசையாது அமர்ந்து படித்தால், ஆளில்லையென எண்ணி அது அணைந்துவிடும். அதற்கு வேறு மேசை விளக்கு வேண்டும். பற்றரி வீங்கினால் அவ்விளக்கைப் பாவித்தல் ஆகாது. மெத்தை மீதோ, வெயிலிலோ வைத்து மின்னேற்றவும் கூடாது.

நேயர்களே, முன்னாளில் நம் வீட்டுப் பெண்கள் மாலையாகுமுன் விளக்கைத் துடைத்து, திரி நறுக்கி, எண்ணெய் வார்த்து வைப்பார்கள். மின்சாரம் வந்தபின் அந்த வழக்கம் நம்மைவிட்டு நீங்கிற்று. புதிய விளக்கும் அதையேதான் நம்மிடம் கேட்கின்றது. எண்ணெய்க்குப் பதிலாக மின்னேற்றம். மாலைதோறும் என்பதற்குப் பதிலாக கிழமைக்கு ஒரு முறை. அவ்வளவே வேறுபாடு. இருட்டு வந்தபின் விளக்கைத் தேடுவதைவிட, வருமுன் அதனைப் பேணுவது எளிது.