காலத்தை விலைக்கு வாங்குவோர்

(உத்திரமேரூரில் ஊர்மக்கள் முன் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரை அறியாதார் இங்கு எவருமிலர். முதற் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், வெட்டப்பெற்ற குடவோலைச் சட்டம் அச்சுவரில் இன்றும் நிற்கின்றது. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், அச்சட்டத்தின் உயிர்நிலை குடத்தில் இல்லை; எவர் பெயர் குடத்திற்குள் விழலாகாது என்று வரையறுத்த பகுதியிலேயே இருக்கின்றது.

வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் ஓலையில் ஏறாது. அவன் பெயர் மட்டுமோ? தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், மருமகன் என அவனைச் சார்ந்தோர் பெயர்களும் ஏறா. பிறர் பொருளைக் கவர்ந்தவன் பெயர் ஏறாது. பொறுப்பில் இருக்கும்போதே குற்றங் காணப்பெற்றவன் அப்போதே விலக்கப்பட வேண்டும். பெரிய பெயரோ பெருஞ்செல்வமோ இவ்விலக்கினின்று ஒருவனைக் காக்கும் என்று அக்கல் ஓரெழுத்தும் சொல்லவில்லை.

உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் தமிழர்க்கு அழகு. அக்காலத்து இவ்வூர் நான்மறையாளர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையும் உடையவனே பொதுவாக ஓலைக்குத் தகுதியுடையவன். ஏரைப் பிடித்த கைக்கும் நாற்று நட்ட கைக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. எனவே அதனை முழுமையான குடியாட்சி என்று புகழ்ந்து மயங்குதல் வேண்டா. ஆயினும், தமக்குள் மேலோர் என்று கருதப்பட்டோரையும் கணக்குக் கேட்ட துணிவு அக்கல்லுக்கு இருந்தது. அத்துணிவு இன்றைய முறைமன்றங்களுக்கு இருக்கின்றதா என்பதே இங்கு ஆராயத்தக்கது. புகழும் பொருளும் உடையோர்க்கு அங்கே தனி நடப்பு உண்டா?

இல்லை என்போர் முதலில் காட்டும் சான்று, தியாகராச பாகவதரும் கலைவாணர் என்.எசு. கிருட்டிணனும். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் இலக்குமிகாந்தன் என்னும் இதழாளர் குத்துண்டு இறந்தார். அடுத்த திங்களிலேயே தமிழ்த் திரையுலகின் முதற்பெரும் புகழாளர் இருவரும் தளைப்படுத்தப்பட்டனர். பாகவதர் நடித்த அரிதாசு சென்னைத் திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாகவதரோ சிறையில் இருந்தார். 1945-இல் இருவர்க்கும் வாழ்நாள் ஒறுப்பு விதிக்கப்பட்டது. உயர் முறைமன்றமும் அதனை உறுதிசெய்தது. "இதைவிடச் சமன்மைக்குச் சான்று வேண்டுமா?" என்று வினவுவர்.

ஆனால், கதை அங்கு முடியவில்லை. இருவர் வழக்கும் கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அங்கிருந்து மீண்டும் சென்னைக்கு மறு ஆய்வுக்கு அனுப்பப்பட்டு, 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டனர். அது முறையான விடுதலையே. அதைக் குறைகூறுதல் நோக்கமன்று. எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. இலண்டன் வரை வழக்கைக் கொண்டு செல்லப் பொருளில்லாத ஒரு கூலித் தொழிலாளி அதே குற்றச்சாட்டில் அதே ஒறுப்பைப் பெற்றிருந்தால், அவன் கதை சென்னை உயர் முறைமன்றத்தின் படியிலேயே முடிந்திருக்கும். அவன் குற்றமற்றவனாகவே சிறையில் மடிந்திருப்பான். செல்வம் அங்கே முறைகேட்டை வாங்கவில்லை, முறையையே வாங்கியது. முறையும் விலைக்குத்தான் கிடைக்கும் என்பதைவிடக் கொடுமை வேறு யாது?

அடுத்து, இவ்வூரிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் உள்ள காஞ்சிக்கு வருவோம். 2004 செப்தம்பர் 3 அன்று வரதராசப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே அதன் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பர் 11 அன்று, தீபாவளியையொட்டி, சங்கர மடத்தலைவர் செயேந்திரர் ஆந்திரத்தில் தளைப்படுத்தப்பட்டார். நாடே வியந்தது. "சட்டத்தின் கை யாரையும் விடாது" என்று எழுதாத இதழில்லை. 2005 சனவரி 10 அன்று உச்ச முறைமன்றம் அவரைப் பிணையில் விட்டது. அவ்வாண்டே வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வந்த நாள் 2013 நவம்பர் 27. உசாவப்பட்ட சான்றாளர் 189 பேர். அவருள் முன் சொன்னதை மாற்றிச் சொன்னோர் 83 பேர். குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

அவர்கள் குற்றமற்றவர் என்பது சட்டத்தின் முடிவு. அம்முடிவைத் தெருமுனையில் திருத்தி எழுதுதல் அறமன்று. ஆனால், பட்டப்பகலில் கோயிலுக்குள் ஒருவர் வெட்டுண்டு வீழ்ந்தார். அவரை வெட்டியவர் யார் என்னும் வினாவுக்கு இன்றுவரை எம்மன்றமும் விடை சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளில் 83 பேரின் நா எவ்வாறு திரும்பியது என்று எவரும் கணக்குக் காட்டவில்லை. சான்றாளரைக் காக்கும் திட்டத்திற்கு உச்ச முறைமன்றம் ஒப்புதல் அளித்ததே 2018 திசம்பரில்தான்!

மூன்றாவது சான்று, திரையில் புகழ்பெற்று ஆட்சியில் அமர்ந்த செயலலிதாவின் சொத்து வழக்கு. 1996-இல் தொடங்கிய அவ்வழக்கு, இந்நாட்டில் நேர்மையாக நடவாது என்று கருதி, 2003-இல் கருநாடகத்திற்கு மாற்றப்பட்டது. முதல் தீர்ப்பு வர 2014 செப்தம்பர் 27 ஆயிற்று: நான்காண்டுச் சிறை, நூறு கோடி உருபா தண்டம். மூன்று கிழமைகளில் பிணை. 2015 மே திங்களில் கருநாடக உயர் முறைமன்றம் விடுதலை செய்தது. அத்தீர்ப்பில் 10.67 கோடியாக வரவேண்டிய கடன் தொகை 24.17 கோடியாகக் கூட்டப்பட்டிருந்தது! தொடக்கப் பள்ளிச் சிறுவன் பிழை செய்தால் பிரம்படி விழும். உச்ச முறைமன்றம் 2017 பிப்பிரவரி 14 அன்று முதல் தீர்ப்பே சரி என்றது. ஆனால், முதற் குற்றவாளியாகச் சுட்டப்பட்டவர் 2016 திசம்பர் 5 அன்றே மறைந்துவிட்டார். ஏனைய மூவர் சிறை சென்றனர். இருபது ஆண்டு கடந்த வழக்கில், தலைமைப் பெயருக்கு உரியவர் இருந்த சிறைக்காலம் மூன்று கிழமை.

இம்மூன்றையும் நிரல்படுத்திப் பார்த்தால் உண்மை புலப்படும். தனி நடப்பு என்பது நடுவரின் உள்ளத்தில் இருக்கும் ஓரவஞ்சனை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சிறுபான்மை. பெரும்பான்மையான தனி நடப்பு, காலத்தை விலைக்கு வாங்குதலே ஆகும். பிணை வாங்கிக் காலம். மேல்முறையீடு செய்து காலம். ஊர் மாற்றிக் காலம். தள்ளிவைப்புக் கேட்டுக் காலம். காலம் நீள நீளச் சான்றாளர் சோர்வர், அஞ்சுவர், விலைபோவர், இறப்பர். இறுதியில் நடுவர் முன் வருவது மெலிந்துபோன வழக்கு. அவர் நேர்மையாளரே ஆயினும் அதனைக் கொண்டு என் செய்வார்?

காலமே ஏழைக்கு எவ்வாறு அமைகின்றது? 2022-ஆம் ஆண்டு இறுதிக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் வழக்கு முடியாதோர். நான்கு பேரில் மூவர் எந்தத் தீர்ப்பும் இன்றி உள்ளே இருந்தனர் என்க. பிணை கிடைத்தும் பிணைத்தொகை கட்ட வழியின்றிக் கிடப்போரும் அவருள் உளர். செல்வர்க்குக் காலம் காப்பாகின்றது. ஏழைக்கு அதே காலம் ஒறுப்பாகின்றது.

சில வேளைகளில் செல்வத்திற்குக் காலமும் வேண்டுவதில்லை. 1968 திசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர், பெண்டிரும் பிள்ளைகளுமாக, ஒரே குடிசையில் எரிந்து கரியாயினர். நாகையில் நிலக்கிழார்க்கு விதிக்கப்பட்ட ஒறுப்பை 1973-இல் சென்னை உயர் முறைமன்றம் நீக்கியது. பெருநிலம் உடைய செல்வர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. உடைமையே குற்றமின்மைக்குச் சான்றாயிற்று! ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட இவ்வூர்க் கல்லில்கூட அப்படியொரு விதி வெட்டப்படவில்லை.

இவற்றோடு மொழியும் ஒரு மதிலாக நிற்கின்றது. ஐக்கோர்ட்டு என்று மக்கள் அழைக்கும் உயர் முறைமன்றத்தில் வழக்காடு மொழி ஆங்கிலமே. தன் நிலத்தைப் பற்றியும் தன் உயிரைப் பற்றியும் அங்குப் பேசப்படுவதைத் தமிழ் உழவன் விளங்கிக் கொள்ளக் கூலி கொடுத்தாக வேண்டும். அங்கும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் முடிவு செய்து அனுப்பியது. ஒன்றிய அரசு இசையவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் முறைமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழர் மன்றத்தில் தமிழுக்கு இடமில்லை. மொழியறியாதான் வழக்கில் அவனே அயலான். அவன் ஏமாற்றப்பட்டாலும் ஏமாற்றப்பட்டதை அறியான்.

சினந்து கலைவதால் பயனில்லை, செய்யத்தக்கன உள. சமற்கிருதப் பெயர் சூட்டி 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவழக்கு நடைமுறைச் சட்டத்தில் 479-ஆம் பிரிவு ஒன்று உண்டு. சாவொறுப்போ வாழ்நாள் ஒறுப்போ விதிக்கத்தகாத குற்றத்தில், முதன்முறையாகச் சிக்கி, வேறு வழக்கும் இல்லாதவர், அக்குற்றத்திற்குரிய மிகுதியான சிறைக்காலத்தில் மூன்றிலொரு பங்கைக் கழித்திருந்தால் பிணையில் விடப்பெற வேண்டும். அதற்கு முறைமன்றத்தில் விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பொருளற்றார்க்கு வழக்குரைஞரைக் கட்டணமின்றி அமர்த்தித் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வட்டந்தோறும் சட்டப்பணிக் குழுக்களும் உண்டு. இவ்விரண்டையும் அறியாமல் சிறையில் மகனை விட்டுவிட்டுத் திண்ணையில் அழும் தாய் எத்தெருவில் இருக்கின்றாள் என்று தேடிச் சென்று சொல்லுங்கள். சான்று சொல்லத் துணிந்த அண்டை வீட்டானைத் தனியே விடாதீர்கள்; அவனோடு பத்துப் பேர் மன்றத்து வாயில் வரை நடந்து செல்லுங்கள். தமிழில் வழக்காடும் உரிமையை ஊர்தோறும் கேளுங்கள்.

கணக்குக் காட்டாதவனுக்கு ஓலையில்லை என்று சொன்னது இவ்வூர்க் கல். அன்று அதைக் கேட்கும் உரிமை நிலமுடைய சிலர்க்கே இருந்தது. இன்று அவ்வுரிமை உழுவார்க்கும் நடுவார்க்கும் உண்டு. வழக்கு ஏன் நீண்டது, சான்றாளர் ஏன் மாறினர், ஏழை மட்டும் ஏன் உள்ளே கிடக்கின்றான் என்று அவர்கள் கணக்குக் கேட்கட்டும்!

வெல்க தமிழ்! ஓங்குக முறைமை!