கொடி நாளுக்கு மறுநாள்



திருப்பதிக்கு வேண்டுதல் செலுத்த வரும் நம்மில் பலர் ரேணிகுண்டாவில் வண்டி மாறுகிறோம். அம்மேடையில், இரும்புப் பெட்டியுடன் விடுப்பில் வரும் படைவீரர்களைப் பார்த்திருக்கிறோம். எத்தனை முறை நகர்ந்து இடம் கொடுத்தோம்?

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். 2021-இலும் சட்டையில் சிறு கொடி குத்திக்கொண்டோம். மறுநாள் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. அவ்விபத்தில் 14 பேர் மாண்டனர். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் பெயரை நாடு முன்பே அறியும். அவருக்குக் காவலாகச் சென்ற லான்ஸ் நாயக் சாய் தேஜாவின் பெயரை அன்றுதான் கேட்டது. அவர் அன்றைய சித்தூர் மாவட்டத்துக் குரபலகோட்டா வட்டாரத்தில் ஓர் உழவர் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தம்பியும் அப்போது படையில் இருந்தார்.

ஒரு மகனை இழந்து, மற்றொரு மகனை எல்லைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரை எண்ணிப் பாருங்கள். மாலையும் முழக்கமும் அவர்களுக்கு எத்தனை நாளைக்கு ஆறுதலாகும்? மாண்டவனைப் போற்றும் நாடு, காவலில் நிற்பவனையும் நினைத்தல் வேண்டும் என்றன்றோ அவர்கள் உள்ளம் வேண்டும்!

நாம் செய்யக்கூடியவை எளியவை. கொடி நாள் நிதிக்கு இயன்றதை ஈயலாம்; அது போரில் மாண்டோர் குடும்பத்துக்கும் ஊனமுற்ற வீரர்க்கும் உதவுகிறது. நம் தெருவில் தனித்திருக்கும் வீரரின் பெற்றோரை விசாரிக்கலாம். மொழி தெரியாதவர்க்கு ஓய்வூதியத் தாளைப் படித்துச் சொல்லலாம்.

நாமும் பெற்றோரைத் தொலைவில் விட்டு வந்தவர்களே. ஊரிலிருந்து செய்தி வராத நாளின் பாரம் நமக்குத் தெரியும்.